ஓடாத பம்புக்கு ஆறு மாலை

நவமணியக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ரெங்கசாமி கிராணியைத் திட்டாமல் என்னால் முடிக்க முடியாது. முயன்று பார்த்துவிட்டேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுகிறார். வரட்டும், அவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் பெயர் மலர். மலைமேல் சுற்றுலாக்காரர்கள் வந்துபோகிற கியா பார்ம் சாலையோரத்தில் ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் விற்கிறேன். எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் கமிட்டியில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. மகளிர் பிரதிநிதி. அதாவது, கூட்டம் தொடங்குமுன் தேநீர் கலக்க வேண்டும், முடிந்தபின் கிளாஸ் கழுவ வேண்டும். நடுவில் வாயைத் திறந்தால் "கொஞ்சம் பொறும்மா மலரு" என்பார்கள். நான் ஒரு நாளும் பொறுத்ததில்லை. அதனால் அவர்களுக்கும் என்னைக் கண்டால் ஆகாது.

நவமணியக்கா எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. எஸ்டேட் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அங்கேயே பிறந்து, அங்கேயே சமைந்து, அதே லயத்துச் சிங்காரம் மாமாவைக் கட்டிக்கொண்டு, வயசு முழுக்கத் தேயிலை மலையில் கொழுந்து எடுத்தவள். முதலில் கையால் எடுத்தாள். பிறகு கத்தரி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிற மெஷின் வந்தது. அந்த மெஷின்தான் அவள் வலது தோளைத் தின்றது. மாமா எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலைத் தூசியைச் சுவாசித்தே நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. யாராவது அதற்காக உச்சுக் கொட்டினால், "உங்க புள்ளைங்கள வச்சி நான் படுறது போதாதா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

இப்போது கிராணி, அதாவது எஸ்டேட் கணக்குப்பிள்ளை. அந்தக் காலத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் ரெங்கசாமிதான். மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால் ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழிப்பது வழக்கம். மழை நாளில் கழித்தால் நியாயம். இந்த மனுஷன் மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் கழிப்பார். கேட்டால் காலைப் பனி என்பார். அப்போது கொழுந்து எடுத்த நாங்கள் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவோம். நவமணியக்கா ஒரு நாள் கூடையைத் தூக்கி அப்படியே அவர் காலடியில் கவிழ்த்து, "எங்க தண்ணி, காட்டுங்க" என்று கேட்டாள். அவருடைய சப்பாத்து கொழுந்துக்குள் புதைந்துவிட்டது. அதை அவர் மறக்கவே இல்லை.

அவள் வேலையை விட்டு நின்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்களைத் தங்க வைக்க வீடு வேண்டுமாம். பிறந்த வீட்டை விட்டு ஒரு கட்டிலோடும் ஒரு தகரப் பெட்டியோடும் தெருவுக்கு வந்தாள். அதற்குள் கிராணியும் ஓய்வு பெற்றுக் கோயில் தலைவராகியிருந்தார். திருவிழா மேடையில் மைக்கைப் பிடித்து, "போக்கிடம் இல்லாத ஒரு தாய்க்குக் கோயில் மண்டபத்தில் இடம் கொடுக்கிறோம்" என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கொடுத்த இடம் எது தெரியுமா? மண்டபத்துக்குக் கீழே மண்ணைத் தோண்டிக் கட்டிய தளம். மூன்று பக்கமும் மலை மண், ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டு. அதில் பெரிய பாகம் சாமான் அறை. மூலையில் ஒரு சின்ன அறை, அது அக்காவுக்கு. அதற்குக் கூலியாக மண்டபத்தைக் கூட்ட வேண்டும், கல்யாணத்துக்குக் கல்யாணம் அண்டா குண்டான் எல்லாம் கழுவ வேண்டும். சாமான் அறையில் கோயில் சாமான் கொஞ்சம்தான். மீதி முழுக்கக் கிராணியின் மகன் லோகேஸ்வரனுடைய சரக்கு. அவன் கல்யாண அலங்காரத் தொழில் செய்கிறான். மணமக்கள் உட்காரும் தங்க நிற நாற்காலிகள், நுரைத் தூண்கள், சிவப்புக் கம்பளங்கள், பிளாஸ்டிக் பூ மூட்டைகள். வாடகை கிடையாது. தலைவர் மகனாயிற்றே.

அந்தக் கீழ்த்தளத்தின் நடுவில் ஒரு குழி. குழிக்குள் பம்பு. மலையிலிருந்து தண்ணீர் கசிந்து குழியில் ஏறினால் மிதவை மேலே வரும், பம்பு தானாக ஓடும், தண்ணீர் குழாய் வழியாகச் சாலையோரக் கால்வாய்க்குப் போய்விடும். மண்டபம் கட்டிய புதிதில் அது ஓடியதே அபூர்வம். பிறகு மேலே மலைச்சரிவில் காய்கறித் தோட்டங்கள் வந்தன. சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்டுவிட்டார்கள். மண் குடிக்க வேண்டிய மழை எல்லாம் வழுக்கிக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தது.

ஆயுத பூசை அன்று கமிட்டி ஆட்கள் பந்தாவாகக் கீழே இறங்குவார்கள். ஜெனரேட்டர், மாவாட்டும் மெஷின், புல் வெட்டும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கடைசியில் குழி மூடியைத் திறந்து பம்பின் கழுத்தில் ஒரு கதம்ப மாலை. அன்றைக்கு எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது, அதற்கெல்லாம் ஓய்வு நாள். மறுநாள் காலையில் ஒரு தரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது நவமணியக்காவின் பொறுப்பு. கிராணி காரை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கி "ஓடுச்சா?" என்று கேட்பார். "ஓடுச்சி" என்பாள். அதோடு அடுத்த வருஷம்தான்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒரு நாள் மத்தியானத்திலிருந்தே ஊற்றியது. மழை என்றால் கியா பார்மில் ஒரு காரும் நிற்காது. கடையைச் சாத்திவிட்டு, இரவல் வாங்கிய அண்டாவைக் கொடுக்க மண்டபத்துக்குப் போனேன். படிக்கட்டில் நவமணியக்கா ஏறி வந்துகொண்டிருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். இடது கையில் வாளி, வாளி நிறையக் கலங்கல் தண்ணீர். வலது கை சும்மா தொங்கியது. கால்வாயில் கொட்டிவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னாக்கா இது? பம்பு ஓடலையா?"

"செத்துப் போச்சி."

"எப்ப?"

"உன் மவ சமைஞ்ச வருஷம்."

என் மகள் இப்போது ஈப்போவில் கல்லூரியில் படிக்கிறாள்.  "ஆறு வருஷமாவா?" என்றேன்.

"கணக்குப் பாத்துக்கிட்டு நிக்காதடி. அந்த அண்டாவக் கொண்டா, அதுலயும் மொண்டு ஊத்தலாம்."

இறங்கிப் பார்த்தேன். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இரண்டு பேரும் மாற்றி மாற்றி இறைத்தோம். மழை விட்டு, தரை தெரிந்ததும் அவள் துணியைப் போட்டுத் துடைத்தாள். ஒரு சொட்டு இருக்கக் கூடாதென்று மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. அவளையே திட்டினேன்.

"உங்களுக்கு என்னா பைத்தியமா? ஒரு வார்த்தை சொன்னா வாங்கிப் போட மாட்டாங்களா?"

"வாங்குவானுங்க. யாருக்கு? அந்தத் தங்க நாற்காலிக்கு. எனக்கு என்னா தெரியுமா? 'ஈரமா இருக்கும்மா, உடம்புக்கு ஆகாதும்மா, உன் நல்லதுக்குத்தாம்மா'ன்னு கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயி வெளிய வச்சிட்டு, என் ரூம்லயும் நாலு தூணக் கொண்டாந்து அடுக்குவான் அந்த லோகேஸு. நான் வந்த நாள்லேருந்தே அந்த ரூமு மேல அவனுக்குக் கண்ணு. தண்ணியே வராத ரூமுன்னாதான் நான் அதுல இருக்க முடியும். வெளங்குதா?"

விளங்கியது. விளங்கியதால் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் ஒரு கூரை இருக்க வேண்டுமென்று ஒரு பொம்பளை, தரையில் இருக்கிற தண்ணீரை இல்லவே இல்லை என்று ஆறு வருஷம் மறைத்திருக்கிறாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "இந்த மழைக்காலம் தாங்காது மலரு. கை தூக்கவே முடியல. நீதான் கூட்டத்துல கேளு. பம்பு பழசாப் போச்சி, மாத்துங்கன்னு மட்டும் கேளு. தண்ணி வருதுன்னு சொன்ன, அப்பறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சரி என்றேன். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் சரி என்றேன்.

கூட்டம் வந்தது. அன்றைய பேச்சு முழுக்க நுழைவாயில் வளைவைப் பற்றி. சாலையிலிருந்து கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் பெரிய வளைவு கட்ட வேண்டுமாம், அதில் தலைவர் பெயர் கல்லில் பொறிக்க வேண்டுமாம். அவர்கள் யானை வைப்பதா மயில் வைப்பதா என்று சண்டை போட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து நான் எழுந்தேன்.

"கீழ இருக்கிற பம்பு பழசாப் போச்சி. மழைக்காலம். அத மாத்தணும்."

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பம்பு கடைசியா எப்பப்பா ஓடுச்சி?" என்று செயலாளர் சசிதரனைக் கேட்டார்.

"போன ஆயுத பூசைக்கு மறுநாளு தலைவரே."

எல்லாரும் சிரித்தார்கள். "வருஷத்துக்கு ஒரு நாளு ஓடுற பம்பு" என்றார் கிராணி. "தேய்மானமே இல்லலா. இன்னும் இருபது வருஷம் வரும்."

"ஓடாமலே கெடந்த பொருளு அவசரத்துக்கு ஓடும்னு என்னா நிச்சயம்?"

"அதுக்குத்தானே வருஷா வருஷம் பூசை போடுறோம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் சொன்னார். எனக்குக் கையில் இருந்த தேநீரை அவர் வழுக்கை மேல் ஊற்றலாம் போலிருந்தது.

அதற்கும் மேலே ஒன்று செய்தார். "எதுக்கு வாதம்? கீழ இருக்கிறதே நவமணிதான். அவகிட்டயே கேப்போம். ஏம்மா நவமணி, கீழ தண்ணி வருதா?"

அக்கா தட்டோடு வாசலில் நின்றாள். எல்லாத் தலையும் திரும்பியது.  சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

"வரல" என்றாள்.

"கேட்டுக்கிட்டியா மலரு?" என்றார் கிராணி. பிறகு மயிலுக்குப் போய்விட்டார்கள்.

கிளாஸ் கழுவும்போது அவளைப் பிடித்துக்கொண்டேன். "என்னைய கேனச்சி ஆக்கிட்டீங்க இல்ல? அத்தன பேரு முன்னால!"

"வருதுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் மூட்ட கட்டிக்கிட்டு இருப்பேன்டி."

"அப்ப சாகுற வரைக்கும் இறைங்க! அந்த ஆளு மவன் நாற்காலி நனையாம நல்லாப் பாத்துக்குங்க! ஒங்களுக்கு வேற என்னா வேல?"

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அவள் கை நின்றுவிட்டது. கிளாஸில் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது, அதைக் கழுவாமலே வைத்திருந்தாள்.

"என் ரூமத்தான் காப்பாத்துறேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அவன் சரக்கையும் இல்ல காப்பாத்திக் குடுத்திருக்கேன். தோளு போனது அதுக்கா?"

அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கி நானே கழுவி வைத்தேன். 

அடுத்த வாரம் ரிங்லெட் பக்கமெல்லாம் மண் சரிகிற அளவுக்கு மழை. மத்தியானம் போன் வந்தது. "மலரு, வேன எடுத்துக்கிட்டு வா. ஒரு கை வேணும்."

வாளியோடு நிற்பாள் என்று நினைத்துத்தான் ஓடினேன். அவள் வாளியைத் தொடவே இல்லை. அம்மனின் குடையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். "சாமி சாமான மொதல்ல ஏத்து" என்றாள். குடை, பட்டு, உறுமி மேளம், குத்துவிளக்குகள் எல்லாவற்றையும் மேலே மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். பிறகு அவளுடைய கட்டில், தகரப் பெட்டி, அடுப்பு, சிங்காரம் மாமாவின் படம். கட்டிலை மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற மணப்பெண் அறையில் போடச் சொன்னாள். போட்டேன். தண்ணீர் அதற்குள் என் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"நாற்காலிங்க?" என்று கேட்டேன்.

"எது?"

"அந்தத் தங்க நாற்காலிங்க, கம்பளமெல்லாம்?"

"அது யாரு சாமான்? அவங்கவங்க சாமான அவங்கவங்க தூக்கணும்."

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேலே வந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, தேநீர் போடு என்றாள். போட்டேன். கிராணிக்குச் சொல்லவா என்று கேட்டதற்கு, "குடிச்சிட்டு" என்றாள். கீழே நுரைத் தூண்கள் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

தேநீர் முடிந்தபின் அவளே போன் செய்தாள். "கிராணி, கீழ தண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கிராணி, லோகேஸ்வரன், சசிதரன் மூன்று பேரும் ஒரே காரில் வந்து விழுந்தார்கள். லோகேஸ்வரன் படியில் பாதி இறங்கி, அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவனுடைய சிவப்புக் கம்பளத்துச் சாயம் கரைந்து தண்ணீரே சிவந்திருந்தது. நாற்காலிகள் கால் மேலே போய்க் கவிழ்ந்து கிடந்தன.

"பம்பப் போட்டியா?" என்று கிராணி கத்தினார்.

"மெயின அணைச்சிட்டேன்."

"அணைச்சிட்டா பம்பு எப்பிடி ஓடும்?"

"போட்டாலும் ஓடாது. அது செத்து ஆறு வருஷமாச்சி."

"போன பூசைக்கு ஓடுச்சின்னு சொன்னியே!"

"பொய்யி சொன்னேன். போன கூட்டத்துலயும் பொய்யி சொன்னேன். ஆறு வருஷமா நாந்தான் பம்பு. இன்னிக்கி நான் ஓடல, அவ்வளவுதான்."

கிராணிக்கு முகம் கறுத்துவிட்டது. "எம்புட்டு சாமான் பாழாப் போச்சி! தண்ணி வருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த கதி வருமா? உப்புப் போட்டுத்தானே சாப்புடுற?"

நவமணியக்கா வாளியிலிருந்து எழுந்தாள்.   அவள் கோபத்தை நான் நிறையத் தரம் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு வந்தது வேறு.

"சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல, என் கூடையில இல்லாத தண்ணியக் கண்டுபுடிச்சிக் கழிச்ச ஆளு நீங்க. பனி, ஈரம்னு கொழுந்தக் கையில புடிச்சிப் பாத்தே சொல்லுவீங்க. நான் படுக்கிற தரையில இருந்த தண்ணி மட்டும் ஆறு வருஷமா உங்க கண்ணுக்குத் தெரியலையா கிராணி? வருஷத்துக்கு ஒருக்கா கற்பூரம் காட்ட எறங்குவீங்க, மூக்கப் பொத்திக்கிட்டு ஏறுவீங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இந்தப் பொம்பள எப்பிடிப் படுத்திருக்கான்னு என் ரூமுக் கதவத் தொறந்து பாத்தீங்களா? செவத்துல முட்டி ஒசரத்துக்குப் பாசி இருக்கு. தொட்டுப் பாத்திருந்தா கையோட வந்திருக்கும்!"

 லோகேஸ்வரன் கீழிருந்து, "வாளி! வாளி எங்க? யாராச்சும் வாளியக் குடுங்கலா!" என்று அலறினான். சசிதரன் அக்கா காலடியில் இருந்த வாளியை எடுக்கக் குனிந்தார்.

"அது என் வாளி" என்றாள்.

சசிதரன் கையை எடுத்துக்கொண்டார். அவர்கள் சாம்பார் அண்டாவில் இறைத்தார்கள். அண்டாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறிப் பாருங்கள், அப்போதுதான் தெரியும். மூன்றாவது நடையிலேயே கிராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே புதுப் பம்பு வாங்கினார்கள். அதற்குக் கூட்டம் கிடையாது, விவாதம் கிடையாது. பிரிஞ்சாங்கிலிருந்து பம்பு ரிப்பேர் செய்கிற ஒரு சீனர் வந்து பழைய பம்பைக் கயிறு கட்டி வெளியே எடுத்தார். அதன் அடிப்பக்கத்தைத் திறந்து, இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. அழுகிக் கறுத்த வாழைநார், அதோடு சிக்கிக்கொண்டு சரிகைத் துண்டுகள். மாலை கட்டிய நார். மாலை குழியில் விழுந்து, பம்பு அதை உறிஞ்சி, நார் உள்ளே சுற்றிக்கொண்டு, ஓட முடியாமல் மோட்டார் எரிந்துபோயிருக்கிறது. முதல் மாலை கொன்றது. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து மாலை, செத்த பம்புக்கு. "இதுக்குப் பூவ யாரு தீனி போட்டது?" என்று அவர் மலாயில் கேட்டார். கிராணி கூரையைப் பார்த்தார். புதுப் பம்பை இறக்கிய பிறகு, குழிக்குள் ஒரு தூசி தும்பு விழக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார் அந்த ஆள்.

அந்த வாரக் கடைசியில் கூட்டம் போட்டார்கள். நவமணியக்கா சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது. கிராணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ரூமு மனுசன் இருக்க லாயக்கில்ல. நம்ம நவமணி நல்லதுக்குத்தான் சொல்றேன். ஈப்போவுல தெரிஞ்ச ஒரு முதியோர் இல்லம் இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"போன வாரம் வரைக்கும் லாயக்கா இருந்துச்சி?" என்றேன்.

"மலரு, கொஞ்சம் பொறும்மா."

அக்கா குறுக்கே பேசினாள். "இல்லமெல்லாம் வேணாம் கிராணி. எனக்கு ரூமு இருக்கு. மணப்பொண்ணு ரூம்ல கட்டிலு போட்டாச்சி. சாவியும் எங்கிட்டதான் இருக்கு."

 சசிதரன் நெளிந்துகொண்டே, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அது கல்யாணப் பொண்ணுங்க உக்கார்ற எடம். நல்ல காரியம் நடக்கிற ரூமு. நீங்க வந்து, தாலி..." என்று இழுத்தார்.

என் நாற்காலி பின்னால் விழுந்தது. நான் எழுந்ததில்தான் விழுந்திருக்க வேண்டும்.

"சொல்லி முடிங்க சசிதரன்! தாலி அறுத்தவன்னு வாயத் தொறந்து சொல்லுங்க! கல்யாணத்துக்குப் பாத்திரம் தேய்க்க அந்தக் கை ஆகும். மணமேடையக் கூட்டித் தொடைக்க அந்தக் கை ஆகும். உங்க தங்கச்சி கல்யாணத்தன்னிக்கி அந்தப் பொண்ணு வாந்தி எடுத்தத அள்ளுன கையும் அதான். படுக்க மட்டும் ஆகாதா? வெக்கமா இல்ல? இன்னும் ரெண்டு வாரத்துல நவராத்திரி வருது. ஒன்பது நாளும் சுண்டலு யாரு போடுறான்னு பாத்துக்குங்க. கடலைய எப்ப ஊறப் போடணும், அது தெரியுமா உங்களுக்கு?"

சசிதரன் அடுப்படி வாசலைப் பார்த்தார். அங்கே லயத்துப் பெண்கள் எட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கூப்பிட்டது நான்தான். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடியும் துடைத்தார். "சரி. தற்காலிகமா இருக்கட்டும்" என்றார்.

"நானே தற்காலிகந்தான் கிராணி" என்றாள் நவமணியக்கா.

ஆயுத பூசை அன்று எல்லாரும் வழக்கம்போலக் கீழே இறங்கினார்கள். லோகேஸ்வரனின் சரக்கு போய்விட்டிருந்தது. தளம் காலியாக, ஈர வாடையோடு இருந்தது. ஜெனரேட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள், மாவாட்டும் மெஷினுக்கு வைத்தார்கள். கிராணி கதம்ப மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் குழியை நோக்கி நடந்தார். மூடியைத் திறக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாருக்கும் அந்தச் சீனர் இழுத்த நார் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும்.  சாமிக்கு முன்னால் எடுத்த மாலையைத் திரும்பக் கொண்டுபோகவும் முடியாது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நவமணியக்கா இறங்கி வந்தாள். தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். இடது கையில் வாளி. அதைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கைப்பிடியில் அவள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் தனியாகத் தெரிந்தது. கிராணியின் காலடியில், ஒரு காலத்தில் கூடையைக் கவிழ்த்த மாதிரி இல்லை, மெதுவாகத்தான் வைத்தாள்.

"இதுக்குப் போடுங்க" என்றாள். "ஆறு வருஷமா ஓடுனது இதுதான்."

கிராணி என்னைப் பார்த்தார், சசிதரனைப் பார்த்தார், மகனைத் தேடினார். யாரும் கை கொடுக்கவில்லை. அவர் குனிந்து வாளிக்கு மாலையைப் போட்டார்.